இஞ்சிக்குப் பதிலாக அரத்தை போடலாமா? இரண்டும் எங்கே வேறுபடுகின்றன?

கல்லடிக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் வேலை செய்யும் என் தம்பி சென்ற மாதம் விடுமுறையில் வந்திருந்தான். அங்கே தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் தான் விரும்பிக் குடிக்கும் தேங்காய்ப்பால் கோழி சூப்பை வீட்டிலே செய்து தரும்படி கேட்டான். செய்முறையில் 'கலங்கல்' என்றொரு கிழங்கு சொல்லப்பட்டிருந்தது. படத்தில் அது இஞ்சியைப் போலவே தெரிந்ததால், சொன்ன அளவுக்கு இஞ்சியையே வெட்டிப் போட்டேன். வந்தது சூப்பே இல்லை. நம் வீட்டுப் பால்சொதியில் அளவு தெரியாமல் இஞ்சியைக் கொட்டியது போன்ற ஒன்று. தொண்டை எரிந்தது, தேங்காய்ப்பாலின் இனிமை எங்கோ மறைந்துவிட்டது.

கலங்கல் என்பது அரத்தைதான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு, இரண்டாம் முறை நகரில் மருந்துச் சரக்கு விற்கும் கடையொன்றுக்குப் போய் அரத்தை கேட்டேன். காய்ந்து கறுத்த, விறகுச் சிராய் போன்ற சிறு துண்டுகளை நிறுத்துத் தந்தார்கள். அவற்றைப் போட்டதும், தடிமன் பிடித்தால் என் பெத்தா அவித்துத் தரும் கசாயத்தின் வாசனை சட்டி முழுவதும் எழுந்தது. தம்பி ஒரு கரண்டி குடித்துவிட்டு, "அக்கா, இதுவும் அது இல்லை" என்றான்.

இஞ்சியும் அரத்தையும் ஒரே இனமா, வேறு வேறா? நான் வாங்கியது உண்மையில் எது? மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கத்திலோ சரியான கிழங்கு கிடைக்குமா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

களுவாஞ்சிக்குடி வைத்தியர்:

தங்கச்சி, உங்களுக்குக் கிடைத்தது அரத்தைதான், ஆனால் செய்முறை கேட்ட அரத்தை இல்லை. திருகோணமலையில் சித்த மருத்துவம் படித்த நாட்களில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இஞ்சி, மஞ்சள், ஏலம், அரத்தை எல்லாம் தாவரவியலில் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கே இஞ்சியின் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். குடும்பத்துக்குள்ளே இஞ்சி 'சிஞ்சிபர்' என்ற பேரினத்தைச் சேர்ந்தது, அரத்தை 'அல்பினியா' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய மருத்துவரும் தாவரவியலாளருமான புரொஸ்பெரோ அல்பினியின் பெயரால் வந்தது அந்தப் பெயர். எனவே இரண்டையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று கொள்ளலாம். உடன்பிறந்தவர்கள் என்று சொல்ல முடியாது.

சிக்கல் தொடங்குவது அரத்தைக்குள்ளேதான். உங்கள் செய்முறை கேட்டது பேரரத்தை, அதாவது அல்பினியா கலங்கா. சிங்களத்தில் மஹ அரத்த என்பார்கள், மலாய் மொழியில் லெங்குவாஸ், தாய்லாந்தில் கா. அதைப் பச்சையாகவே சமைக்கிறார்கள். சித்தரத்தை என்று நம் மருந்து நூல்களுக்கு உரை எழுதியவர்கள் குறிப்பது அல்பினியா ஒஃபிசினாரம். அது தென்சீனத்துச் செடி, கிழங்கு மெல்லியது, செம்பழுப்பு நிறம், காரம் கூடியது. ஆனால் இலங்கையில் ஹீன் அரத்த என்று சிங்கள வைத்தியர்களும், சித்தரத்த என்று கேரளத்து வைத்தியர்களும் எடுப்பது இந்த இரண்டுமல்லாத மூன்றாவது செடி. அதன் பெயர் அல்பினியா கல்கராட்டா. நம் ஊர்களில் வேலியோரம் இடுப்பளவு உயரத்துக்கு ஒடுங்கிய, பளபளப்பான இலைகளோடு நிற்பது பெரும்பாலும் அதுவே. நீங்கள் வாங்கிய உலர்ந்த துண்டுகளும் அதன் கிழங்காகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இருமலுக்கும் மூட்டு நோவுக்கும் கசாயத்தில் சேர்ப்பதற்காகவே அதை உலர்த்தி விற்கிறார்கள். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. மருந்துக் கடையில் அரத்தை என்றால் அவருக்கு அதுதான்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கச்சோலம் என்ற கிழங்கின் தாவரவியற் பெயர் கெம்ஃபெரியா கலங்கா. பெயரின் இரண்டாம் பாதி பேரரத்தையின் பெயரோடு ஒத்திருப்பதால், சில ஆங்கிலச் சமையற் குறிப்புகள் அதையும் கலங்கல் என்றே எழுதுகின்றன. சிங்களத்தில் அதன் பெயர் இங்குருபியலி. 'இங்குரு' என்றால் இஞ்சி என்பதால் அங்கேயும் குழப்பம் தொடர்கிறது. தண்டே தெரியாமல், இரண்டு மூன்று அகன்ற இலைகள் நிலத்தோடு படிந்து கிடந்தால் அது கச்சோலம் என்று அறிந்துகொள்ளுங்கள். அதைப் போட்டிருந்தால் உங்கள் சூப்பில் கற்பூர மணம் இன்னும் கூடியிருக்கும்.

நிந்தவூர் றிஸ்வி:

வைத்தியர் ஐயா சொன்ன பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஒரு சிறு கேள்வி. சந்தையில் பச்சைக் கிழங்காகக் கண்டால், இஞ்சியா பேரரத்தையா என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா? கொழும்புப் பேரங்காடியில் ஒரு முறை தவறாக எடுத்துவிட்டேன்.

தம்பிலுவில் தோட்டம்:

முடியும் தம்பி. இரண்டையும் என் வளவில் வளர்க்கிறேன், ஆகவே கிழங்கிலிருந்து பூ வரைக்கும் சொல்கிறேன்.

இஞ்சியின் தோல் மண்ணிறம், மெல்லியது, கரண்டி விளிம்பால் சுரண்டினாலே வந்துவிடும். உள்ளே மஞ்சள், நசுக்கினால் சாறு கசியும். பேரரத்தையின் தோல் வெளிறி மினுக்கமாக இருக்கும். அதைச் சுற்றிக் குறுக்காக மெல்லிய கருங்கோடுகள் வளையம் வளையமாக ஓடும். இளம் முளைகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். வெட்டினால் உள்ளே வெண்மை, சாறு மிகக் குறைவு. முற்றிய கிழங்கைச் சமையற்கத்தியால் அறுக்க முயன்றால் கத்திதான் வளையும். நாங்கள் தேங்காய் உடைக்கும் கத்தியை எடுப்போம். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். இஞ்சியில் தேசிக்காய்த் தோலை நினைவூட்டும் ஒரு புளிமணம் இருக்கும். பேரரத்தையில் தைலமும் ஊசியிலை மரமும் கலந்தது போன்ற குளிர்ந்த மணம் வரும்.

செடியை யாரும் மாற்றிப் பார்க்க வாய்ப்பில்லை. இஞ்சி ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம், புல் போன்ற ஒடுங்கிய இலை. பேரரத்தை ஆளுயரத்தையும் தாண்டி இரண்டு மீற்றர் வரை எழும், இலைகள் நீண்டு அகன்றவை. பூவில்தான் எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு இருக்கிறது. இஞ்சி தன் பூவை இலைத்தண்டில் வைப்பதில்லை. நிலத்திலிருந்து தனியே ஒரு குட்டைத் தண்டு கிளம்பி, அதன் நுனியில் பச்சைச் செதில்கள் அடுக்கிய கூம்பு போல மொட்டுத் தோன்றி, இடையிடையே மஞ்சளும் ஊதாவும் கலந்த சிறு பூ எட்டிப் பார்க்கும். பேரரத்தையோ இலைத்தண்டின் உச்சியிலேயே வெள்ளைப் பூங்கொத்தை நீட்டும், பின்னர் செந்நிறக் காய்களும் பிடிக்கும். இஞ்சி பூத்ததை நம்மில் பலர் கண்டதில்லை, ஏனென்றால் பூக்குமுன்னே கிண்டிவிடுகிறோம்.

நமது மணற்பாங்கான நிலத்தில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இஞ்சிக்கு நிழலும் ஈரமும் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் அழுகல் நோய் வந்து, தண்டைப் பிடித்து இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். நட்டதிலிருந்து எட்டு முதல் பத்து மாதங்களில் இலை பழுத்துச் சாயும்போதுதான் அது முற்றும். சித்திரையில் நட்டால் முற்றுகிற வேளையில் இங்கே மாரி மழை கொட்டும். இரண்டு வருடங்கள் அப்படியே அழுகி நட்டப்பட்ட பிறகு, தென்னை நிழலில் பைகளில் மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்து நட்டு, ஐப்பசியில் பைகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றத் தொடங்கினேன். பேரரத்தை இவ்வளவு கவனிப்பைக் கேட்பதில்லை. கிணற்றடியில் வைத்த ஒரு துண்டு இன்று பெரும் புதராகிவிட்டது. தேவையானபோது ஓரத்தில் ஒரு கிழங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுகிறேன்.

காத்தான்குடி அடுப்படி:

தங்கச்சி, நான் கோலாலம்பூரில் ஒன்பது வருடங்கள் குடும்பத்தோடு இருந்தவள். அங்கே அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாவிடம்தான் லெங்குவாஸைக் கையாளக் கற்றேன். இஞ்சியை நாம் எப்படி எடுக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளியோடு அரைத்துக் கறியில் வதக்குகிறோம், அது கரைந்து கறியோடு கறியாகிவிடும். பிளேன்டீயில் தட்டிப் போடுகிறோம். இறைச்சியில் தடவி ஊறவைக்கிறோம். எல்லாவற்றிலும் அது உணவுக்குள் கலந்து மறைய வேண்டும் என்பதே நோக்கம்.

லெங்குவாஸை அந்த அம்மா அப்படிப் போடுவதைக் காண்பது அரிது. ரெண்டாங் காய்ச்சும்போது ஒரு சிறு பகுதியை மட்டும் மசாலாவோடு அரைப்பார். அதுவும் இளங்கிழங்காக இருந்தால்தான். மீதியை விரல் நீளத் துண்டாக வெட்டி, அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டிப் பிளந்து, எலுமிச்சைப் புல்லோடு சேர்த்து முழுசாகப் போடுவார். நாம் இரம்பை இலையையும் கறுவாப்பட்டையையும் போடுகிறோமே, அதே முறை. சாப்பிடும்போது ஒதுக்கி வைத்துவிடுவார்கள். தாய்லாந்துச் சூப்பிலும் அதுதான் வழக்கம்: மெல்லிய வட்டங்களாக வெட்டிய கிழங்கு தேங்காய்ப்பாலில் மிதக்கும், யாரும் அதைக் கடித்துத் தின்பதில்லை.

ஆகவே நீங்கள் முதல் முறை செய்த தவறு கிழங்கை மாற்றியது மட்டும் என்று நான் எண்ணவில்லை. வாசனைக்குப் போட வேண்டிய அளவில் காரமான ஒன்றைப் போட்டுவிட்டீர்கள். இரண்டாம் முறை பச்சைக்குரிய அளவில் உலர்ந்ததைப் போட்டீர்கள். உலர்ந்தது எதுவாக இருந்தாலும் சத்தம் போடும்.

வாழைச்சேனையான்:

எல்லோரும் பேரரத்தையைத் தேடி அலையச் சொல்கிறீர்கள். கிடைக்காத ஊரில் மாற்று வழியும் வேண்டாமா? சொன்ன அளவில் பாதிக்கு இஞ்சி, அதோடு தேசிக்காய்த் தோலின் பச்சைப் பகுதி கொஞ்சம், நாலைந்து மிளகு சேர்த்தால் போதும் என்பது என் அனுபவம். எங்கள் வீட்டில் விருந்தினர் யாரும் குறை சொன்னதில்லை.

அக்கரைப்பற்று ஆசிரியை:

அண்ணா, உங்கள் சூப் சுவையாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது இஞ்சிச் சூப். அரத்தைச் சூப்பின் மாற்று என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை. நான் இரசாயனவியல் கற்பிப்பவள் என்பதால் காரணத்தையும் சொல்லி விடுகிறேன்.

பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரோல் என்ற சேர்வையிலிருந்து வருகிறது. மிளகாயின் காரத்தையும் மிளகின் காரத்தையும் உண்டாக்கும் சேர்வைகளோடு கட்டமைப்பில் உறவுடையது அது. நாக்கில் உள்ள அதே வெப்ப உணர்வியைத்தான் தூண்டுகிறது. இஞ்சியை உலர்த்தும்போது ஜிஞ்சரோல் நீரை இழந்து ஷோகயோல் என்ற மேலும் காரமான சேர்வையாக மாறுகிறது. வேர்க்கொம்பு இஞ்சியை விட உறைப்பதற்கு இதுவே காரணம். 100 கிராம் பச்சை இஞ்சியில் ஏறத்தாழ 79 கிராம் நீர் இருப்பதால், உலர்ந்ததும் எல்லாம் செறிந்துவிடுகிறது. மாறாக, நெடுநேரம் சமைத்தால் ஜிஞ்சரோலின் ஒரு பகுதி சிஞ்சரோன் என்ற மென்மையான, இனிப்பு வாடையுள்ள சேர்வையாகிறது. கறி கொதிக்கக் கொதிக்க இஞ்சி அடங்கிப் போவதை ஒவ்வொரு நாளும் சமையலறையில் பார்க்கிறோம். ஒரே கிழங்கு பச்சையாக, காய்ந்து, வெந்து என மூன்று நிலைகளில் மூன்று விதமாகச் சுவைப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

பேரரத்தையில் ஜிஞ்சரோல் அன்று காரத்தைத் தருவது. அதன் உறைப்புக்கு அசிற்றொக்சிசவிக்கோல் அசிற்றேற்று என்ற வேறொரு சேர்வை காரணம். அதன் மணத்தில் முக்கியமான பங்கு சினியோலுக்கு உண்டு. யூக்கலிப்டசுத் தைலத்தின் பெரும்பகுதியும் அதே சினியோல்தான். நெஞ்சில் பூசும் தைலத்தின் குளிர்ச்சியை நினைத்துக்கொண்டால் பேரரத்தையின் மணம் விளங்கிவிடும். தேசிக்காய்த் தோலும் மிளகும் எவ்வளவு சேர்த்தாலும் அந்தக் குளிர்ச்சி இஞ்சிக்குள் வரப்போவதில்லை.

இன்னொரு வேறுபாடு பால் சம்பந்தமானது. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் சிஞ்சிபெயின் என்ற நொதியம் உள்ளது. இறைச்சியில் இஞ்சி தடவி ஊறவைத்தால் அது மென்மையாவதும், சூடான பசுப்பாலில் பச்சை இஞ்சிச் சாறு விட்டால் பால் திரள்வதும் அதனால்தான். தேநீருக்கு இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு பால் ஊற்ற வேண்டும் என்று அம்மா சொன்னதில் இந்த விளக்கம் அடங்கியிருந்தது. கொதிநிலை அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். நம் செங்கலடிப் பக்கத்து எருமைப்பாலில் இஞ்சித் தேநீர் போடுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

வாழைச்சேனையான்:

ஆசிரியை சொல்வது சரிதான். 'மாற்று' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கிடைக்காத நாளில் செய்யும் வேறொரு சூப் என்று வைத்துக்கொள்ளலாம்.

வந்தாறுமூலை அம்மா:

இந்த இழையை இன்றுதான் கண்டேன். என் மகளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாட்கள் ஆகின்றன. சரக்குக்கறிக்கு இடிக்கும் தூளில் வேர்க்கொம்புக்குப் பதிலாக அரத்தையைச் சேர்த்தால் உடம்பு நோவு போகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். வீட்டிலும் இரண்டும் இருக்கின்றன. வைத்தியர் ஐயாவின் கருத்து என்ன?

களுவாஞ்சிக்குடி வைத்தியர்:

அம்மா, பதிலாகச் சேர்க்க வேண்டாம். சரக்குத் தூளில் வேர்க்கொம்பு இருப்பது செரிமானத்துக்காக. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி ஆகியவற்றோடு அதன் பங்கு அங்கே தீர்மானமானது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்று நம் மருத்துவம் ஓதுகிறதே, அந்த இடத்தில் அரத்தையை எந்த நூலும் வைத்ததில்லை. சிங்கள வீடுகளில் தடிமனுக்கு அவிக்கும் பஸ்பங்குவ என்ற ஐந்து சரக்குக் குடிநீரிலும் இஞ்சிதான் உண்டு, அரத்தை இல்லை. அரத்தையின் இடம் கபத்துக்கும் வாதத்துக்குமான கசாயங்கள். அவற்றை நோயாளியைப் பார்த்து, அளவு சொல்லித் தர வேண்டும். இஞ்சி குமட்டலைத் தணிக்கிறதா என்று நவீன மருத்துவமும் மனிதர்களிடம் பல முறை சோதித்துப் பார்த்திருக்கிறது. அரத்தைக்கு அந்த அளவு சோதனைகள் நடந்ததில்லை. பாலூட்டும் தாய்க்கு உறவினர் சொல்லை நம்பித் தூளை மாற்றாதீர்கள். உடம்பு நோவு நீடித்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள்.

வேர்க்கொம்பை இடிக்குமுன் மேற்தோலைச் சுரண்டிவிடுங்கள். 'இஞ்சிக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு' என்று நம் முன்னோர் வைத்த விதி அது.

வந்தாறுமூலை அம்மா:

மிக்க நன்றி ஐயா. வேர்க்கொம்பையே இடித்துவிட்டேன்.

கல்லடிக்கரை:

அனைவருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்குக் காரணம், எழுதுவதற்கு முன் ஒரு முறையாவது சரியாகச் செய்து பார்க்க விரும்பியதுதான். தம்பிலுவில் அண்ணா தன் கிணற்றடிப் புதரிலிருந்து வெட்டிய ஒரு கிழங்கை, கல்முனை வழியாக வந்த உறவினர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். பையைத் திறந்ததும் அவர் எழுதிய கருங்கோட்டு வளையங்களைத்தான் முதலில் தேடினேன், எழுதியபடியே இருந்தன.

முதற்பாலை எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாலில் பதினைந்து மெல்லிய வட்டங்களையும், தட்டிய எலுமிச்சைப் புல் இரண்டு தண்டுகளையும் போட்டு மெல்லக் கொதிக்கவிட்டேன். கோழிக்குப் பதிலாக அன்று வாவி இறால் நல்லதாகக் கிடைத்தது, அதையே சேர்த்தேன். இறால் சிவந்ததும் முதற்பாலை விட்டு, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளியும் பச்சை மிளகாயும் சேர்த்தேன். காரம் நாக்கைப் பிடிக்கவே இல்லை. குடித்து முடித்த பிறகு மூக்கில் ஒரு குளிர்ந்த மணம் தங்கியது. தேங்காய்ப்பாலின் இனிப்பும் அப்படியே இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு சிறு சட்டியில் இஞ்சி போட்டும் செய்தேன். இரண்டையும் அருகருகே வைத்துக் குடித்த என் மகள், இஞ்சி போட்டதைச் சொதி என்றும் மற்றதைச் சூப் என்றும் யாரும் சொல்லாமலே பிரித்துச் சொன்னாள்.

தம்பி திரும்பிப் போய்விட்டான். படத்தை மட்டும் அனுப்பினேன். கிழங்கில் மீதியிருப்பதில் பாதியை வட்டங்களாக வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்திருக்கிறேன். இளஞ்சிவப்பு முளை இருக்கும் மற்றப் பாதியை எங்கள் கிணற்றடியில் நட எண்ணுகிறேன். அண்ணா, முளை மேலே பார்க்கும்படி வைக்க வேண்டுமா, எவ்வளவு ஆழம்?

தம்பிலுவில் தோட்டம்:

முளை மேலே பார்க்கட்டும், தங்கச்சி. நாலு விரல் ஆழம் போதும். கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் இடமாகப் பார்த்து, ஆனால் தேங்காத பக்கமாக வையுங்கள். மதிலை விட்டு இரண்டு முழம் தள்ளி நடுங்கள். அது நன்றாகப் பரவும்.